"பிள்ளைகள் அழுதால் இப்போதெல்லாம் எனக்கு எதுவும் தோன்றுவதில்லை": ஒரு பள்ளிக் கவுன்சிலரின் கேள்வி

கேள்வி:

மேடம், எனக்கு 36 வயது. எம்.எஸ்சி. உளவியல் படித்துவிட்டு, கோவைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் கவுன்சிலராக இருக்கிறேன். எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை சுமார் 1,800 பிள்ளைகள். கவுன்சிலர் நான் ஒருத்திதான். எந்த டீச்சர் லீவு போட்டாலும் அந்த வகுப்புக்கு என்னைத்தான் அனுப்புகிறார்கள். பஸ் டியூட்டி, பரீட்சை ஹால் டியூட்டி, அட்மிஷன் நேரத்தில் பெற்றோரை வரவேற்பது எல்லாம் என் தலையில். "நீங்க ரூம்ல சும்மாதானே இருக்கீங்க" என்கிறார்கள்.

பிளஸ் டூ பையன் ஒருவன் கையைக் கீறிக்கொள்கிறான். "செத்துப் போயிடலாம்னு தோணுது மிஸ்" என்று என்னிடம் மட்டும் சொன்னான். வீட்டில் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான். இரண்டு மாதமாக, ராத்திரி பதினொரு மணிக்கு அவன் வாட்ஸ்அப்பில் ஆன்லைன் வந்தானா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். போன வாரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, உறவுக்காரர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாகச் சொன்னாள். பிரின்சிபலிடம் போய்ச் சொன்னேன். "பேரன்ட்ஸைக் கூப்பிட்டுப் பேசிக்கலாம், அவசரப்படாதீங்க, ஸ்கூல் பேரு இருக்கு" என்றார். அதோடு நிற்கிறது.

இப்போதெல்லாம் ஒரு பிள்ளை எதிரே உட்கார்ந்து அழுதால் எனக்குள் ஒன்றும் அசைவதில்லை. 'இதெல்லாம் ஒரு பிரச்சினையா' என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றியதற்காக பாத்ரூமுக்குள் போய் அழுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும். என் ஆறு வயது மகள் "அம்மா, ஒண்ணு சொல்லட்டா" என்று வந்தாலே எரிச்சல் வருகிறது. கணவர், "உக்காந்து பேசுற வேலைதானே, இதுக்கா இவ்ளோ" என்கிறார். யோகா வகுப்பில் சேர்ந்தேன், ஒரே மாதத்தில் விட்டுவிட்டேன். நான் இந்த வேலைக்கே லாயக்கில்லையா? ராஜினாமா செய்துவிடட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் சோர்வைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் விஷயம். அதை நாளைக்குத் தள்ளிப்போட முடியாது.

ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்த எவரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவு. எவரும் என்றால் நீங்களும்தான். பிரின்சிபல் காதில் போட்டதோடு உங்கள் பொறுப்பு முடியவில்லை. பெற்றோர் சம்மதிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ தொடுக்க முடியாது என்று அதே 19-ஆம் பிரிவு உங்களுக்குப் பாதுகாப்பும் தருகிறது.

ஆகவே இதைப் படித்த கையோடு குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள், அல்லது உங்கள் பகுதி அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். பிரின்சிபலுக்கு இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் போதும்: "இன்ன தேதியில் தங்களிடம் நேரில் தெரிவித்த விஷயத்தைச் சட்டப்படி இன்று உரியவர்களிடம் தெரிவித்துவிட்டேன்." அதில் பெண்ணின் பெயரோ வகுப்போ வேண்டாம்.

அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டு, என்ன நடந்தது, எத்தனை தடவை என்று துருவாதீர்கள். விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை ஒரு பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அவளோடு கடைசிவரை கூட வர ஓர் உதவியாளரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். அந்த உறவுக்காரர் அதே வீட்டில் இருக்கிறார் என்றால் முதல் போனிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் அவளிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நீ சொன்னது ரொம்ப சரி. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. உன்னைப் பாதுகாக்க வேண்டியவங்ககிட்ட நான் இதைச் சொல்லப் போறேன்."

சோர்வைப் பற்றிக் கேட்ட கடிதத்துக்கு ஏன் சட்டத்தில் ஆரம்பிக்கிறேன் என்று நினைக்கலாம். எது சரி என்று தெரிந்திருந்தும், வேலை செய்யும் இடம் அதைச் செய்யவிடாமல் தடுக்கும்போது வருகிற வேதனை ஒன்று உண்டு. நர்சுகளின் வேலையைப் பற்றி எழுதும்போது ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-இல் அதைத் தனியாக எடுத்துக் காட்டினார். வேலைப்பளு உடம்பைத்தான் முதலில் அசத்தும். இந்த வேதனை தன்மதிப்பையே அரித்துவிடும். ஒரு வாரமாக அந்தப் பெண்ணின் முகம் உங்கள் கண் முன்னால் நிற்கிறது என்பதை நீங்கள் எழுதாவிட்டாலும் என்னால் ஊகிக்க முடிகிறது. புகாரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு ராத்திரி பயமாக இருக்கும். ஆனாலும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியிருக்கும்.

அடுத்து அந்தப் பையன். அவனுக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை நீங்கள் காப்பாற்றக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்கிற இடத்தில் ரகசியம் முடிந்துவிடுகிறது. உலகம் முழுக்கக் கவுன்சிலர்களுக்கு விதி இதுதான். அவன் முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்லாதீர்கள். நாளைக்கே அவனை உட்கார வைத்து, "நீ உயிரோட இருக்கணும்கிறது உன் ரகசியத்தை விட எனக்கு முக்கியம். அப்பா அம்மாகிட்ட சொல்லத்தான் போறேன். எதைச் சொல்லலாம், எப்படிச் சொல்லலாம்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுவோம், வா" என்று சொல்லுங்கள். கோபப்படுவான். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம். பெற்றோர் வந்து அழைத்துப் போகும் வரை அவனைத் தனியாக விடாதீர்கள்.

அவனுக்கு மனநல மருத்துவர் வேண்டும். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பெற்றோர் "வெளியில தெரிஞ்சா போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்று பயந்தால், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குப் பிறகு தற்கொலை முயற்சியைக் குற்றமாகப் பார்ப்பதில்லை, சிகிச்சை பெறும் உரிமையாகத்தான் பார்க்கிறார்கள் என்று எடுத்துச் சொல்லுங்கள். பார்பரா ஸ்டான்லி, கிரகரி பிரவுன் என்ற இருவர் வகுத்துத் தந்த பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு தாள். அந்த எண்ணம் வருவதற்கு முன் என்ன அறிகுறி தெரிகிறது, அப்போது தானாக என்ன செய்து பார்ப்பான், யாரோடு போய் உட்காருவான், யாரிடம் உதவி கேட்பான், எந்த மருத்துவருக்குப் போன் செய்வான், வீட்டில் ஆபத்தான பொருட்களை யார் எடுத்துப் பூட்டி வைப்பார்கள் என்பதை அவன் கையாலேயே எழுத வைக்க வேண்டும். ஒரு நகல் அவனிடம், ஒன்று பெற்றோரிடம், ஒன்று உங்கள் கோப்பில். அரசின் மனநலத் தொலைபேசி சேவையான டெலி மனஸ் 14416 எண்ணும் அதில் இருக்கட்டும். அது 24 மணி நேரமும், தமிழிலும் கிடைக்கும்.

இது முடிந்த பிறகு ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பைத் திறந்து பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். ஆன்லைன் என்று காட்டுவது அவன் நன்றாக இருப்பதற்குச் சான்று ஆகாது. அது காட்டாத ராத்திரிகளில் நீங்கள் தூங்குவதும் இல்லை. ஒரு பையனின் உயிருக்கு நீங்கள் ஒருத்தி மட்டும், போனைக் கையில் வைத்துக்கொண்டு காவல் இருந்திருக்கிறீர்கள். இரண்டு மாதம் இப்படிக் கழித்த யாருக்கும் மனது மரத்துத்தான் போகும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உங்களுக்கு வந்திருப்பது பர்ன்அவுட், அதாவது பணிச்சோர்வு. 1974-இல் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற மனநல நிபுணர், நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனைகளில் உழைத்தவர்களைப் பார்த்து இதைப் பற்றி எழுதினார். மிகுந்த ஈடுபாட்டோடு வந்தவர்கள்தான் முதலில் தீர்ந்து போனார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். பிறகு உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதை மூன்று கூறுகளாகப் பிரித்து அளக்கும் முறை ஒன்றை 1981-இல் கொண்டுவந்தார். முதலாவது, அடிவரை வற்றிப்போன களைப்பு. இரண்டாவது, உதவி தேடி வருகிறவர்களிடமிருந்து மனம் விலகிப்போவது. மூன்றாவது, 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற எண்ணம். உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். ஞாயிறு சாயங்கால வயிற்றுப் பிசைவு, "இதெல்லாம் ஒரு பிரச்சினையா", "நான் லாயக்கில்லையா" என்று மூன்றும் வரிசையாக இருக்கின்றன.

இரண்டாவதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் வெட்கப்படுகிறீர்கள். ஒரு குழந்தை அழும்போது ஒன்றும் தோன்றவில்லை என்றால் நான் என்ன மனுஷி என்று கேட்டுக்கொள்கிறீர்கள். கல்மனசுக்காரி பாத்ரூமில் போய் அழ மாட்டாள், சகோதரி. தாங்க முடியாத அளவு துயரம் நாள் முழுக்க வந்துகொண்டே இருந்தால் மனம் தன்னைக் காத்துக்கொள்ளக் கதவைச் சாத்திக்கொள்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு நர்சுகளுக்கும், விபத்து வழக்குகளைப் பார்க்கும் காவலர்களுக்கும் இது நேர்கிறது. சுமை இறங்கினால் கதவு திறக்கும். திறந்ததை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட்டுக்கு இடம் கொடுத்தபோது, அதை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் விவரித்தது. இது எனக்கு மிக முக்கியமான வாக்கியம். காரணம் பணியிடத்தில் இருக்கிறது என்றால், மருந்தையும் பெரும்பாலும் அங்கேதான் தேட வேண்டும். நீங்கள் யோகாவை ஒரு மாதத்தில் விட்டதற்காக உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. காலையில் அரை மணி நேரம் மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு அதே 1,800 பிள்ளைகள், அதே பஸ் டியூட்டி, அதே "அவசரப்படாதீங்க" என்ற பதிலுக்குள் போனால் எந்தப் பயிற்சியும் ஈடுகொடுக்காது. கவுன்சிலர்களுக்கான பயிலரங்குகளில் 'உங்களை நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்புவதைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. பள்ளி சரிசெய்ய வேண்டியதையும் சேர்த்து அந்தப் பெண்கள் தலையிலேயே கட்டிவிடுகிறோம்.

எண்ணிக்கையைப் பாருங்கள். அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர்களின் தேசிய சங்கம், 250 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கிறது. விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதும், தண்டனை கொடுப்பதும் கவுன்சிலருக்குப் பொருந்தாத வேலைகள் என்றும் அதே சங்கம் பட்டியல் போட்டிருக்கிறது. நம் நாட்டில் 2025 ஜூலை 25 அன்று, விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் பள்ளி, கல்லூரி, கோச்சிங் சென்டர் எல்லாவற்றுக்கும் வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனத்தில் தகுதியுள்ள ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ குறைந்தது ஒருவராவது இருக்க வேண்டும். மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தையும் கவனிக்க வேண்டும். ஆசிரியர்கள், மற்ற பணியாளர்கள் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மனநல முதலுதவி, எச்சரிக்கை அறிகுறிகள், மேல் சிகிச்சைக்கு அனுப்பும் முறை ஆகியவற்றில் பயிற்சி கொடுக்க வேண்டும். சட்டம் வரும் வரை இவை கட்டுப்படுத்தும். 'குறைந்தது ஒருவர்' என்பதைப் பல பள்ளிகள் 'ஒருவர் போதும்' என்று எடுத்துக்கொண்டிருப்பதுதான் வருத்தம்.

இந்தத் தீர்ப்பின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து செய்யப்போகும் காரியத்துக்கு உதவும்.

அடுத்த நான்கு வாரம் ஒரு நோட்டில் உங்கள் நாளை அரை மணி அரை மணியாகக் குறித்து வையுங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம். '9.30, ஏழாம் வகுப்பு சப்ஸ்டிட்யூஷன். 10.00, அதே. 10.30, தனி ஆலோசனை, பாதியில் அட்மிஷன் வேலைக்குக் கூப்பிட்டார்கள். 11.00, அட்மிஷன்.' இவ்வளவு போதும். மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். உங்களைக் கவுன்சிலர் என்று வேலைக்கு எடுத்துவிட்டு அந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் விட்டிருக்கிறார்கள் என்பது வெள்ளைத் தாளில் தெரிந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு கரஸ்பாண்டன்ட்டிடம் போங்கள். "எனக்குக் கஷ்டமா இருக்கு சார்" என்று ஆரம்பித்தால் "எல்லாருக்கும்தான் கஷ்டம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தாளை மேசையில் வைத்து, "போன மாசம் பதினோரு பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்து, நான் வேற டியூட்டியில் இருந்ததால் திரும்பிப் போயிருக்காங்க. அதுல ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனா முதல் கேள்வி நம்ம பள்ளியைத்தான் கேட்பாங்க" என்று உங்கள் நோட்டில் இருக்கும் எண்ணை வைத்துப் பேசுங்கள். தனியார் பள்ளி நிர்வாகத்துக்குப் புரியும் பாஷை இதுதான். அதைப் பேசுவதில் தவறு எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். என் அனுபவத்தில், இரண்டு கோரிக்கைகள் பலித்தால் பாதி மூச்சு திரும்பும். ஒன்று, சப்ஸ்டிட்யூஷன் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுப்பது. இரண்டாவது, வாரத்தில் ஒரு பிற்பகல் ஆசிரியர்களோடு உட்கார நேரம். பரீட்சைப் பயம், தோழிகள் சண்டை, வீட்டுப்பாடத் தகராறு மாதிரியானவற்றை வகுப்பாசிரியரே கையாளக் கற்றுக்கொண்டால் உங்கள் அறைக்கு உண்மையிலேயே வர வேண்டியவர்கள் மட்டும் வருவார்கள்.

இனி, இந்தப் பதிலில் எனக்கு மிக முக்கியம் என்று படுகிற விஷயம். உங்கள் கடிதத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள், பிரின்சிபல், கணவர், மகள் எல்லோரும் இருக்கிறார்கள். உங்கள் தொழிலைத் தெரிந்த இன்னொரு ஆள் மட்டும் இல்லை. மருத்துவமனையில் வேலை பார்க்கும் உளவியலாளருக்கு மூத்தவர் ஒருவர் இருப்பார். வழக்கைச் சொல்லி, "இதை இப்படிக் கையாண்டேன், சரியா" என்று கேட்கலாம். எங்கள் துறையில் அதைச் சூப்பர்விஷன் என்கிறோம். அது பயிற்சிக் காலத்தோடு முடிகிற விஷயம் இல்லை. பள்ளிக் கவுன்சிலருக்கு அது அநேகமாகக் கிடைப்பதே கிடையாது. 60 ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் அவர் ஒற்றை மரமாக நிற்கிறார். கேட்டதை ஸ்டாஃப் ரூமில் சொல்லக் கூடாது, வீட்டிலும் சொல்லக் கூடாது. அப்படியானால் அது எங்கே போகும்?

உங்கள் கல்லூரிப் பேராசிரியர் யாராவது தொடர்பில் இருக்கிறாரா? இருந்தால் மாதம் ஒரு மணி நேரம் கேளுங்கள், கட்டணம் கொடுத்தாவது. பள்ளி அதைத் தந்தால் நல்லது, தராவிட்டாலும் உங்கள் சம்பளத்தில் இதற்கு ஒரு பங்கு ஒதுக்குவது வீண் செலவு ஆகாது. கூடவே, கோவை, திருப்பூர் பக்கப் பள்ளிகளில் உங்களைப் போலவே தனியாக உட்கார்ந்திருக்கும் கவுன்சிலர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்தால் போதும்.

இப்படிக் கூடும் ஒரு குழுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாம் சனிக்கிழமை, ஒருவர் வீட்டு ஹாலில் கூடுவார்கள். அன்றைக்கு ஒரே ஒருவர்தான் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுவார்; பெயர் சொல்ல மாட்டார், பள்ளியைச் சொல்ல மாட்டார், அடையாளம் தெரியக்கூடிய விவரத்தை மாற்றிவிடுவார். பேசி முடித்ததும் "ஏன் அப்படிப் பண்ணல", "நானா இருந்தா" என்று யாரும் ஆரம்பிக்கக் கூடாது. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அந்தப் பிள்ளை இதைச் சொன்னப்போ உங்களுக்கு என்ன ஆச்சு?" ஒரு முறை, பத்து வருஷ அனுபவமுள்ள ஒரு கவுன்சிலர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வெகு நேரம் தன் வளையலையே திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "அவங்க அப்பா பேசுற மாதிரியே எங்க அப்பாவும் பேசுவாரு" என்றார். அந்தப் பையனை ஏன் தன்னால் மேல் சிகிச்சைக்கு அனுப்ப முடியவில்லை, ஏன் தானே காப்பாற்றியாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார் என்பது அந்த நிமிஷத்தில் அவருக்கே விளங்கியது. அடுத்த வாரமே மருத்துவரிடம் அனுப்பினார். அரை நாள் பயிலரங்கில் இது நடக்காது.

அன்றாடத்துக்குச் சில சின்ன விஷயங்கள். ஒரு பிள்ளை போனதும் அடுத்த பிள்ளையை உடனே உள்ளே கூப்பிடாதீர்கள். ஐந்து நிமிடம் எடுத்து மூன்று வரி எழுதுங்கள்: அவன் சொன்னது என்ன, அவன் வார்த்தையிலேயே, நான் செய்தது என்ன, அடுத்தது என்ன, எந்தத் தேதியில். மூன்றாவது வரிதான் உங்களுக்கு முக்கியம். தேதி போடாத விஷயத்தைத்தான் மனம் ராத்திரியில் எடுத்து வைத்துக்கொண்டு புரட்டும். எழுதியதும் கோப்பைப் பூட்டிவிட்டு, எழுந்து வராந்தா கடைசி வரை நடந்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உங்கள் சொந்த எண் இனி வேண்டாம். பள்ளியிடம் ஒரு போன் கேளுங்கள், தராவிட்டால் தனி சிம் வாங்கிக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அதில் தானாகப் போகும் பதில் இருக்கட்டும்: "நாளைக் காலை 8.30-க்குப் பள்ளியில் இருப்பேன். இப்போதே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098." இதைச் செய்தால் பிள்ளைகளைக் கைவிட்டதாகத் தோன்றும். ஆனால் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் எடுக்கிற எண்ணை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பார்த்து தைராய்டும் ஹீமோகுளோபினும் சோதித்துக்கொள்ளுங்கள். நம் பெண்களிடம் மனச்சோர்வு என்று நினைத்த எத்தனையோ களைப்பில் ரத்தசோகைக்கும் பங்கு இருக்கிறது. இன்னொன்றையும் நேர்மையாகக் கவனியுங்கள். பொங்கல் விடுமுறை மாதிரி நான்கு நாள் பள்ளி இல்லாதபோது மனம் லேசாகிறதா? ஆகிறது என்றால் இது பெரும்பாலும் பணிச்சோர்வு. விடுமுறையிலும் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க இருட்டாகவே இருக்கிறது என்றால் அது டிப்ரஷனாக இருக்கலாம். அந்தப் பிள்ளைகள் சொன்ன காட்சிகள் கூப்பிடாமலே கண் முன்னால் வந்து திடுக்கிட வைத்தால் அது வேறு; கேட்டவரையும் தாக்கும் அதிர்ச்சி அது. இந்த இரண்டுக்கும் மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ போக வேண்டும். சாகலாம் என்ற எண்ணம் உங்களுக்கே எட்டிப் பார்த்தால், அந்தப் பையனுக்குச் சொன்ன அதே 14416 உங்களுக்கும்தான்.

கணவருக்கு உங்கள் வேலை தெரியாததற்கு ஒரு காரணம், நீங்கள் ரகசியம் காப்பவர் என்பது. பிள்ளைகளின் கதையைச் சொல்ல வேண்டாம். "இன்னைக்கு ரொம்பக் கனமான ஒண்ணைக் கேட்டுட்டு வந்திருக்கேன். அது என்னன்னு சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் நீங்க பாப்பாவைப் பார்த்துக்கோங்க" என்று நேராகக் கேளுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால் செய்கிற ஆண்கள் நிறையப் பேர். குறிப்பறிந்து செய்வார்கள் என்று காத்திருந்தால்தான் வருஷங்கள் போய்விடும். மகளிடம் எரிச்சல் வருவதற்காக உங்களைக் கெட்ட தாய் என்று எண்ணாதீர்கள். நாளெல்லாம் "ஒண்ணு சொல்லட்டா" என்று வந்தவர்களைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்த காது அது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவளிடம், "அம்மா குளிச்சிட்டு காபி குடிச்சிட்டு வர்றேன், அப்புறம் நீ சொல்றதெல்லாம் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்குப் போய் உட்காருங்கள். அந்தப் பதினைந்து நிமிடம் அவளுக்குப் போதும்.

ராஜினாமா. இன்றைக்கு வேண்டாம். பயத்திலும் களைப்பிலும் எடுக்கும் முடிவைப் பிறகு நாமே நம்ப மாட்டோம். பொதுத்தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்கும் வரை ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் புகார் கொடுத்திருப்பீர்கள், பையனை மருத்துவரிடம் சேர்த்திருப்பீர்கள், கணக்கெடுத்த தாளோடு கரஸ்பாண்டன்ட்டைப் பார்த்திருப்பீர்கள், யாராவது ஒரு மூத்தவரிடம் இரண்டு மூன்று முறையாவது பேசியிருப்பீர்கள். நிர்வாகம் கொஞ்சமாவது இறங்கி வந்தால் இன்னொரு கல்வியாண்டு இருந்து பாருங்கள். போக்சோ புகார் கொடுத்ததற்காக உங்களை மிரட்டினாலோ, பிள்ளைகள் உங்களிடம் சொன்னதை வெளியே சொல்லச் சொல்லித் திரும்பத் திரும்ப நெருக்கினாலோ, கெடு வரை காத்திருக்க வேண்டாம். அந்த இடத்தில் கவுன்சிலராக வேலை செய்ய முடியாது, யாராலும். அப்போது விலகுவதால் நீங்கள் லாயக்கில்லாதவர் ஆகிவிட மாட்டீர்கள்.

விலகும் நாள் வந்தால் ஒன்றை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். தொடர்ந்து பார்த்துவரும் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் மூன்று வாரம் முன்னதாகவே நேரில் சொல்லுங்கள். அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று ஒரு பெயரும் எண்ணும் எழுதிக் கொடுங்கள். கோப்புகளை அடுத்து வரும் கவுன்சிலர் கையில் கொடுங்கள். அவர் வரவில்லை என்றால் உறையிலிட்டு முத்திரை வைத்து, பள்ளியில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் உளவியலாளர்